படகில் நாய் இருக்கலாம், பூனைக்குத்தான் யோசிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், படகு வீட்டில் நாயும் பூனையுமாகக் குடித்தனம் நடத்துகிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. போன வாரம் அதற்கு மறுப்பாக மும்பை முலுண்டிலிருந்து ஒரு வாசகர், வாயில்லா ஜீவனை இரும்புக் கூண்டில் அடைத்துத் தண்ணீரில் மிதக்க விடுவது பாவம், அதைப் பாராட்டி எழுதுவது அதைவிடப் பெரிய பாவம் என்று எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் கட்டுரையும் சரியில்லை, கடிதமும் சரியில்லை. கட்டுரை எழுதியவருக்கு அந்தி வானமும் அன்னப்பறவையும் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. கடிதம் எழுதியவர் அப்படி ஒரு படகுக்குள் கால் வைத்திருப்பாரா என்பதே சந்தேகம். என் மகனும் மருமகளும் லண்டனில் இப்படி ஒரு படகில்தான் இருக்கிறார்கள், கூடவே ஒரு நாய், ஒரு பூனை. வெயில் காலத்தில் ஒரு தடவை, குளிர் காலத்தில் ஒரு தடவை என்று நானும் போய் அவர்களோடு தங்கிவிட்டு வந்தவள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பூனையைப் பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் படகு. நாம் ஆலப்புழையில் பார்க்கிற, மூங்கில் கூரை போட்ட அகலமான கெட்டுவள்ளம் இல்லை இது. நாரோபோட் என்று அங்கே பேர். அகலம் 6 அடி 10 அங்குலம், அவ்வளவுதான். நிலக்கரியும் பீங்கானும் ஏற்றிப் போக அந்தக் காலத்தில் கால்வாய் வெட்டியவர்கள், மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்கி ஏற்ற, முன்னும் பின்னும் கதவு வைத்து, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் மட்டத்தை மாற்றுகிற தொட்டிகள் கட்டினார்கள். லாக் என்பார்கள். அதில் பலவற்றை ஏழடி அகலத்தில் கட்டிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இன்றைக்கும் நாடு முழுக்கச் சுற்ற வேண்டுமென்றால் படகு அந்த ஏழடிக்குள் நுழைந்தாக வேண்டும். நீளம் 70 அடி வரைக்கும் உண்டு. என் மகனுடையது 57 அடி. அநேகமாக எல்லா லாக்கிலும் நுழைந்துவிடும் என்பதால் அந்த அளவுக்குத்தான் அங்கே மவுசு. எஃகுத் தகட்டால் ஆன உடம்பு, உள்ளே பலகை அடித்து ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் படுக்கை, நடுவில் குளியலறை, முன்னால் விறகும் கரியும் போடுகிற கணப்பு. மகன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல் கடனை வாங்கிப் படகை வாங்கினான், மற்றபடி தண்ணீர் மேல் காதல் கீதல் எதுவும் கிடையாது.

இடம் போதாது என்பதுதான் முலுண்ட் வாசகரின் பெரிய குற்றச்சாட்டு. சரி, கணக்குப் போடுவோம். முன்னாலும் பின்னாலும் நிற்கிற இடம், இன்ஜின் உட்கார்ந்திருக்கிற இடம் எல்லாம் போக, உள்ளே 45 அடி நீளம், ஆறடி அகலம் தேறும். 270 சதுர அடி. இந்த எண்ணை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மும்பையில் குடிசைக்குப் பதிலாக எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) கட்டடத்தில் கொடுத்த வீடு முதலில் 225 சதுர அடி, அப்புறம் 269 ஆச்சு, 300 ஆனதெல்லாம் அதற்குப் பிறகுதான். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் அந்த 225-க்குள் மாமனார் மாமியாரோடு பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாங்களும் அப்படித்தான். அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு நாயும் இருந்தது, கிழடாகி, பல்லெல்லாம் விழுந்து, காலம் முடிந்துதான் செத்தது. அதைக் கொடுமை என்று அப்போது யாரும் பத்திரிகைக்கு எழுதவில்லை.

நாய் சதுர அடி பார்ப்பதில்லை. படுக்க ஒரு மூலை, கண்ணில் படுகிற மாதிரி வீட்டு ஆள், கூப்பிட்டால் வெளியே போக ஒரு கதவு, இவ்வளவுதான் அதற்கு வேண்டும். அந்தக் கதவு விஷயத்தில் படகுக்கு நிகர் கிடையாது. எங்கள் கட்டடத்தில் நாயைக் கீழே கூட்டிப் போக வேண்டுமென்றால் லிப்டுக்கு நின்று, யாராவது முகம் சுளித்தால் அடுத்த லிப்டுக்கு நின்று, வாட்ச்மேனைத் தாண்டி, பார்க் பண்ணிய வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போக வேண்டும். அங்கே மணி (மகன் நாய்க்கு மணி என்றுதான் பேர் வைத்திருக்கிறான், காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கலப்பு நாய், காது ஒன்று மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும்) காலையில் முன்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று தாழ்ப்பாளையே பார்க்கும். மருமகள் தாழ்ப்பாளைத் தூக்கியதும் படியில் ஒரு காலும் படகு விளிம்பில் ஒரு காலுமாக அரை நொடி நின்று, படகு கரையை ஒட்டி வருகிற நேரம் பார்த்து ஒரே தாவு, புல்லில் நிற்கும். படகு ஆடுகிற தாளம் அதன் காலுக்கு அத்துப்படி. எனக்குக் கடைசி வரைக்கும் கை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கால்வாயில் வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக் கூடாது, கட்டிப்போட்ட படகுகளைக் கடக்கும்போது அதைவிடவும் மெதுவாகத்தான் போக வேண்டும், அதனால் படகு நகர்கிற நாட்களில் மணி பாட்டுக்குக் கரையில் நடந்து வரும், பல சமயம் படகு பின்தங்கிவிட்டது என்று நின்று திரும்பிப் பார்க்கும்.

மருமகள் கம்ப்யூட்டர் வேலையைப் படகில் உட்கார்ந்தே பார்க்கிறாள், அதனால்தான் இதெல்லாம் நடக்கிறது. அவளும் அலுவலகம் போகிறவளாக இருந்திருந்தால், மகன் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்குகிறவனாக இருக்கும்போது, நாய் வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். படகின் ஜன்னல் கரையிலிருந்து ஒரு கை எட்டுகிற தூரம், நடப்பவர்களின் முழங்கால் உயரம். ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் நாள் முழுக்க அந்த ஜன்னலை உரசிக்கொண்டு போவார்கள். துணைக்கு ஆள் இல்லாத நாய் ஒவ்வொரு காலுக்கும் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, பக்கத்துப் படகுக்காரரோடு சண்டையும் வாங்கித் தரும். அப்படி ஒரு நாய் அந்த வரிசையிலேயே இருந்தது, கேட்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் அந்தச் சங்கடம் இங்கே செம்பூரில் மூன்று பெட்ரூம் வீட்டிலும் நடக்கிறது, பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள் எத்தனை! முலுண்ட் வாசகர் கொடுமை என்று எழுதினால் அதை எழுதட்டும்.

இது இப்போது முளைத்த மோகமும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து போட்டி போட, படகுக்காரர்களின் கூலி விழுந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாதவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். சரக்குக்கு இடம் வேண்டுமே, அதனால் குடும்பத்துக்குக் கிடைத்தது பின்பக்கம் பத்தடி நீளம்கூட முழுசாக வராத ஒரு அறை. அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, குழந்தைகள், நாய் எல்லாம். 1877-ல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டு, 1884-ல் திருத்தி, படகைப் பதிவு செய், இத்தனை பேருக்கு மேல் தங்காதே, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பு என்று ஆரம்பித்தார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் காலம் தள்ளியவள் நான், அதனால் வாரத்துக்கு ஒரு ஊருக்கு நகர்கிற அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது, அது வேறு கதை. படகுகளை இழுத்தது குதிரை, அது நடப்பதற்காகத்தான் கால்வாய் நெடுக ஓரத்தில் பாதை போட்டார்கள். இன்றைக்கு மணி நடக்கிற பாதை அந்தக் குதிரைகளுக்குப் போட்டதுதான்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

முதல் ஆபத்து லாக். படகு கீழே இறங்கும்போது, தொட்டியின் மேல் கதவுக்குக் கீழே ஒரு கல் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் அந்தத் திண்டின் மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் படகின் மூக்கு மட்டும் கீழே போய், முன்னால் தண்ணீர் ஏறி, நிமிடக் கணக்கில் மூழ்கிவிடும். ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் கரையில் கதவையும் மதகையும் பார்க்க வேண்டும், நாயைப் பார்க்க யாருக்கும் கண் இருக்காது. படகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, விழுந்தால் எடுக்க முடியாது, பின்னால் சுழல்கிற விசிறி வேறு. மருமகள் லாக் வருவதற்கு முன்பே மணியை உள்ளே விட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் மதகு திருப்புகிற இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு கரையில் இறங்குவாள். அதில் ஒரு நாளும் அவள் சலுகை காட்டிப் பார்த்ததில்லை.

கால்வாயில் அதிக ஆழம் இல்லை, பல இடத்தில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஓரமெல்லாம் செங்குத்தாக இரும்புத் தகடு அடித்திருப்பார்கள், விழுந்த நாய்க்கு நீந்தத் தெரிந்தாலும் ஏறத் தெரியாது. குளிர் காலத்தில் கொஞ்ச நேரத்தில் உடம்பு விறைத்துவிடும். நாய்க்கு லைஃப் ஜாக்கெட் விற்கிறார்கள், முதுகில் கைப்பிடியோடு. மிதப்பதைவிட அந்தக் கைப்பிடிதான் முக்கியம், குனிந்து ஒரே இழுப்பில் தூக்கிவிடலாம். கொம்பு மாதிரி வளைந்த முனையுள்ள நீளக் கழி ஒன்று எல்லாப் படகின் கூரையிலும் கிடக்கும், அது அந்தக் கைப்பிடியில் மாட்டும்.

குளிருக்குக் கணப்பு எரிகிறது, பூனை அதன் முன்னால் மல்லாந்து கிடக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கூரையில் இருக்கிற காற்றுத் துளையைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைத்துவிட்டுத் தூங்கியவர்களில் சிலர் எழுந்திருக்கவே இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து ஆட்கள் தங்குகிற படகில் இதற்கு அலாரம் வைத்தே ஆக வேண்டும் என்று பண்ணிவிட்டார்கள், நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஆள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் படகுக்கு லைசென்ஸ். கேஸ் சிலிண்டரை நம்மைப் போல அடுப்புக்குக் கீழே வைக்க முடியாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கிப் படகின் அடிவயிற்றில் தங்கிவிடும், கதவு இடுக்கு வழியாக வெளியே போக வழி இல்லை. அதனால் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி, அதற்கு அடியில் வெளிப்பக்கமாக ஒரு துவாரம். இன்னொன்று, இன்ஜினில் ஊற்றுகிற ஆன்டிஃப்ரீஸ். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே கிட்னி போய்விடும். இன்ஜின் அறைப் பலகையைத் திறந்தால் மகன் முதலில் பார்ப்பது எங்காவது சொட்டியிருக்கிறதா என்றுதான்.

வெயிலை அங்கே யாரும் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். 2022 ஜூலை 19-ம் தேதி இங்கிலாந்தில் 40 டிகிரியைத் தாண்டியது, அதற்கு முன்னால் அந்த நாட்டில் அப்படி ஒரு வெயில் பதிவானதே இல்லை. படகின் இரும்புக் கூரை அன்றைக்கு தோசைக்கல்தான். முதல் நாளே மரநிழலாகப் பார்த்துக் கொண்டுபோய் முளை அடித்துக் கட்டினார்களாம். தரை மட்டும் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருப்பதால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், மணி வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு நாள் பூரா அசையவே இல்லை என்று போனில் சொன்னான்.

வெயில் காலத்தில் தண்ணீரிலும் பயம் உண்டு. தேங்கின இடங்களில் பச்சை பெயின்ட் கொட்டினாற்போல் நீலப்பச்சைப் பாசி படரும், அதை நக்கினாலோ, நனைந்த மயிரை நக்கிச் சுத்தம் செய்தாலோ நாய்கள் ஒரு மணி நேரத்திலேயே செத்திருக்கின்றன, மாற்று மருந்து கிடையாது. எலி மூத்திரத்தால் வருகிற எலிக்காய்ச்சலை மும்பைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 2005 ஜூலை 26 மழைக்குப் பிறகு அது என்ன பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே நோய்தான் அங்கே கால்வாய் ஓரத்திலும். நாய்க்கு வருடா வருடம் ஊசி, மனிதர்களுக்குக் கையில் காயம் இருந்தால் உறை. அன்னப்பறவையைக் கட்டுரையாளர் ரொம்ப வர்ணித்திருந்தார். குஞ்சு பொரித்திருக்கும்போது அதன் பக்கத்தில் நாயோடு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பூனை.

அந்த ஊரில் படகு கட்ட நிரந்தரமாக ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரு ரகம், எடுக்காதவர்கள் ஒரு ரகம். எடுக்காதவர்கள் ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், 1995-ல் வந்த சட்டம். 2012-லிருந்து கால்வாய்களைப் பார்த்துக்கொள்கிற கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் ஆட்கள் கரையோடு வந்து எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொண்டு போவார்கள். லண்டனுக்குள் நிரந்தர இடம் என்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் அதன் வாடகையைக் கேட்டால் வீட்டையே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். என் மகன் இரண்டாவது ரகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்ஜினைக் கிளப்பி, கயிற்றை அவிழ்த்து, முளையைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்றிரண்டு மைல் தள்ளிப் போய் மறுபடியும் முளை அடிப்பார்கள். நாய்க்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆள் இருக்கிற இடம் அதற்கு வீடு. பூனைக்கு அப்படி இல்லை. அது ஒரு வட்டாரத்தைத் தனதாக்கிக்கொள்கிற பிராணி, எந்த வேலியில் ஓட்டை, எந்த மரத்தடியில் எலி, எந்தத் தெருவில் முரட்டுக் கடுவன் என்று ராத்திரி ராத்திரியாகப் போய்க் கற்றுக்கொண்டு முடிக்கிற நேரத்தில், வீடு அங்கிருந்து கிளம்பிவிடுகிறது.

நான் இருந்தபோதே ஒரு தடவை நடந்தது. படகை நகர்த்திய மறுநாள் சாயங்காலம் பூனையைக் காணோம். சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. மகன் டியூட்டியில் இருந்தான். மருமகள் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பிஸ்கட் டப்பா, அதைக் குலுக்கிக்கொண்டே கரையோடு பழைய இடத்துக்கு நடந்தாள், நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். எங்கள் படகு நின்ற இடத்தில் இப்போது வேறொரு படகு. அதன் கூரையில், கரி மூட்டைக்கும் பூந்தொட்டிக்கும் நடுவில், எங்கள் பூனை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படகுக்காரப் பெரியவர் தலையை நீட்டி, "உங்களுடையதா? மத்தியானத்திலிருந்து என்னைக் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருக்கிறது" என்றார். சிரித்துக்கொண்டேதான் தூக்கி வந்தோம், ஆனால் வழியில் மருமகள் சொன்னாள், "எல்லா தடவையும் இப்படிக் கிடைக்காது அம்மா, போன வருஷம் பக்கத்துப் படகுக்காரங்க பூனை கிடைக்கவே இல்லை, அவங்க நாள் முடிஞ்சும் நகராம இருந்து நோட்டீஸ் வாங்கினாங்க." 

வழிகள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. நகர்வதற்கு முந்தின ராத்திரி பூனையை வெளியே விடுவதில்லை. புது இடத்துக்குப் போனதும் உடனே கதவைத் திறப்பதில்லை, முதல் தடவை விடும்போது சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடு விடுகிறார்கள், டப்பா சத்தம் கேட்டால் திரும்பி வருகிற மாதிரி. தண்ணீரில் விழுந்தால் நகம் பதித்து ஏறிவரப் படகின் பக்கவாட்டில் பழைய கம்பளத் துண்டை நீருக்குள் வரைக்கும் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதில் ஏறிய நகக்கீறலை நானே பார்த்தேன். பூனை எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பட்டை அதன் கழுத்தில். 2024 ஜூன் 10-லிருந்து இங்கிலாந்தில் வீட்டுப் பூனைக்கெல்லாம் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கிற, அடையாள எண் உள்ள சின்னச் சில்லு) கட்டாயம், நாய்க்கு 2016-லிருந்தே உண்டு. நிலையான விலாசம் இல்லாதவர்களுக்கு அந்தச் சிப்பின் எண்ணோடு பதிந்துவைத்த போன் நம்பர்தான் விலாசம்.

பூனைக்குத் தண்ணீரே ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு அங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் சைமன் என்று ஒரு பூனை. 1949-ல் சீனாவில் யாங்சே ஆற்றில் கப்பல் குண்டு வாங்கி மாட்டிக்கொண்டபோது அதற்கும் காயம், அந்தக் காயத்தோடு கப்பலில் இருந்த உணவை எலிகளிடமிருந்து காப்பாற்றியதாம். போர்க்கால விலங்குகளுக்குத் தருகிற டிக்கின் பதக்கத்தை வாங்கிய ஒரே பூனை அதுதான். ஊர் திரும்பியதும் வெறிநாய்க்கடி நோய் பயத்துக்காகத் தனியே அடைத்துவைத்திருந்த இடத்தில் அதே வருடம் செத்துப்போனது. கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டில் புதைத்திருக்கிறார்கள், மகன் கூட்டிப் போய்க் காட்டினான். நல்ல கதைதான், எனக்கும் பிடித்தது. ஆனால் அது இங்கே பொருந்தாது. கப்பல் பூனைக்குக் கப்பலே அதன் வட்டாரம், கப்பல் எங்கே போனாலும் வட்டாரமும் கூடவே போகும். கால்வாய்ப் பூனைக்குப் படகு மட்டும் போதாது, கரையும் வேண்டும், அந்தக் கரைதான் 14 நாளைக்கு ஒரு தடவை மாறுகிறது.

அதனால் நான் சொல்வது இதுதான். ஆள் கூடவே இருப்பார் என்றால் படகில் நாய் தாராளமாக இருக்கலாம். நிரந்தரமாகக் கட்டிய படகு என்றால் பூனையும் இருக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் பூனைகளுக்கென்றே ஒரு காப்பகம் படகில் நடக்கிறது, 1960-களில் ஒரு அம்மாள் ஆரம்பித்தது, அந்தப் படகு கால்வாயில் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். நகர்கிற படகில் புதிதாகப் பூனையைக் கொண்டுவந்து வைப்பது, அதுவும் வெளியே சுற்றிப் பழகிய பூனையை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மகனிடமும் சொல்லிவிட்டேன், இந்தப் பூனை இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், இதற்குப் பிறகு வேண்டாம் என்று. அவன் ஒன்றும் பதில் சொல்லவில்லை, மருமகள் தலையாட்டினாள்.

கக்கூஸ், குப்பை எல்லாம் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை. பூனை கக்கூஸ் போகிற மண்ணைக் கால்வாயில் கொட்டக் கூடாது, பையில் கட்டி வைத்துக் குப்பைத் தொட்டி இருக்கிற நிறுத்தம் வரைக்கும் சுமக்க வேண்டும். மனிதர்களுடையதும் கேசட் என்று ஒரு பெட்டியில் சேரும், அதையும் அதற்குரிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் நாயின் நாலு காலையும் வாசல் படியிலேயே துடைக்காவிட்டால் அந்தச் சேறு தலையணை வரைக்கும் வந்துவிடும். போதும், காலை நேரத்தில் பத்திரிகை படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுரையின் கடைசியில் நம் நாட்டிலும் இப்படி வாழலாமே என்று ஒரு வரி இருந்தது. எங்கே வாழ்வது? கேரளத்தில் படகு வீடு சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு ராத்திரி வாடகைக்கு விடுவது. ஸ்ரீநகர் தால் ஏரியில் இருப்பவை தேவதாரு மரத்தில் கட்டியவை, 2023 நவம்பரில் தீப்பிடித்து வரிசையாகப் பல படகுகள் எரிந்து ஆட்களும் செத்துப்போனார்கள். மும்பைக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் இன்ஜின் வைத்த மீன்பிடிப் படகுகளே கடலுக்குப் போகக் கூடாது, வர்சோவாவில் கோலி மீனவர்கள் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் அந்தப் படகுகளுக்கு அடியில் தெருநாய்கள் மழைக்கு ஒதுங்கிக் கிடக்கும், இங்கே படகும் நாயும் சேர்கிற இடம் அதுதான்.

முலுண்ட் வாசகர் கடிதத்தின் கீழே ஒரு ஹவுசிங் சொசைட்டியின் செயலாளர் என்று போட்டிருந்ததால் அவருக்கு ஒரு வார்த்தை. நாய் வளர்க்கக் கூடாது என்று சொசைட்டி தீர்மானம் போட முடியாது, பெரும்பான்மை கை தூக்கினாலும் முடியாது, நாயோடு லிப்டில் ஏறாதே என்றும் சொல்ல முடியாது, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறது. நாய்க்காரர்களும் தடுப்பூசி, அசிங்கத்தை எடுத்துப் போடுவது என்று தங்கள் பங்கைச் செய்ய வேண்டும், அதுவும் அதிலேயே இருக்கிறது. அவர் சொசைட்டியின் அறிவிப்புப் பலகையில் அதை ஒரு நகல் எடுத்து ஒட்டினால், கால்வாய் நாய்களுக்காக எழுதிய கடிதத்தைவிட அதிகம் பேருக்கு உபயோகமாக இருக்கும். எங்கள் கட்டடத்தில் ஒட்டினோம். இரண்டு தடவை கிழித்தார்கள், மூன்றாவது தடவை கண்ணாடிக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி,
சயான் கோலிவாடா, மும்பை.

பி.கு.: அந்தக் கட்டுரையோடு 'லண்டன் கால்வாயில் செல்ல நாயுடன்' என்று குறிப்புப் போட்டு ஒரு படம் வெளியிட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பது மூங்கில் கூரை, பின்னால் தென்னை மரம், கரையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்த தடவை படம் வேண்டுமென்றால் கேளுங்கள், மகனை எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.